விலை உண்டு, மதிப்பு இல்லை

2024ஆம் ஆண்டு அமெரிக்க ஏலம் ஒன்றில் நான்கு அங்குலம்கூட இல்லாத ஒரு பிளாஸ்டிக் பொம்மை 5,25,000 டாலருக்கு விற்றது. நம் பணத்தில் நான்கு கோடி ரூபாய்க்கும் மேல். அது கடைக்கே வராத பொம்மை. ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் போபா ஃபெட் என்ற பாத்திரத்துக்காகக் கென்னர் நிறுவனம் செய்து பார்த்த மாதிரிகளுள் ஒன்று.

இதைக் காட்டிச் சிலர் எக்களிக்கின்றனர்: உழைப்பே மதிப்பின் ஊற்று என்ற மார்க்சின் கோட்பாடு ஏலச் சுத்தியலின் ஓரடியில் நொறுங்கிவிட்டதாம். நம் நாளேடுகளும் ‘பொம்மையின் மதிப்பு நான்கு கோடி’ என்றே எழுதுகின்றன. மதிப்பு வேறு, விலை வேறு. இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பது மொழிச் சோம்பல் மட்டுமன்று. சுரண்டலை மறைக்கும் திரையுமாகும்.

மார்க்ஸ் ஆராய்ந்தது உழைப்பால் மீண்டும் மீண்டும் உற்பத்தி செய்யத்தக்க சரக்குகளை. மதிப்பே இல்லாதவற்றுக்கும் விலை உண்டாகலாம் என்பதை ‘மூலதனம்’ முதல் தொகுதியிலேயே அவர் விளக்கியுள்ளார். மனசாட்சியும் மானமும்கூட விலைபோகும் என்றார். இம்மாதிரியைச் செதுக்கிய கைகளின் உழைப்பு நான்கு கோடியாகப் பெருகிவிடவில்லை. வேறெங்கோ உழைத்தவர்களிடமிருந்து பறித்த உபரி மதிப்பு, போக வழியின்றி அரும்பொருள் சந்தையில் வந்து குவிகிறது. ஏலத்தில் புதுச் செல்வம் பிறப்பதில்லை. பழைய செல்வம் கைமாறுகிறது.

அது ஏன் அரும்பொருளாயிற்று? முதுகிலிருந்து சிறு ஏவுகணை பாயும் பொம்மையை அஞ்சலில் அனுப்புவதாக 1979இல் கென்னர் விளம்பரம் செய்தது. அக்காலத்தில் மாட்டெல் நிறுவனப் பொம்மை ஒன்றின் ஏவுகணை தொண்டையில் சிக்கி ஒரு சிறுவன் மாண்டான். அதன்பின் ஏவுகணையை அசையாதபடி பொருத்தியே கென்னர் பொம்மையை அனுப்பிற்று. பாயும் மாதிரிகள் சில எஞ்சின. கென்னர் 1987இல் டோங்கா கைக்கும், 1991இல் ஹாஸ்ப்ரோ கைக்கும் போனது. 2000இல் சின்சினாட்டி அலுவலகம் மூடப்பட்டது. ஊழியரின் வேலை போயிற்று. அவர்கள் மேசையில் கிடந்த மாதிரிகள் பொக்கிஷமாயின.

பொம்மைத் தொழிலின் மறுபக்கத்தை ஏலப் பட்டியலில் காண முடியாது. 1993 மே 10 அன்று தாய்லாந்தின் கேடர் பொம்மை ஆலையில் தீப்பிடித்தது. தீக்காப்புப் பூச்சற்ற இரும்புத் தூண்கள் நொடித்துக் கட்டிடம் சரிந்தது. 188 பேர் மாண்டனர், பெரும்பாலோர் இளம்பெண்கள். அதே ஆண்டு நவம்பரில் சீனத்தின் ஷென்ஜென் நகரில் ஜீலி பொம்மை ஆலை எரிந்தபோது கதவுகள் பூட்டியிருந்தன, சன்னல்களில் கம்பிகள். எண்பதுக்கும் மேற்பட்டோர் வெளியேற முடியாமல் மாண்டனர்.

வாங்குபவரின் குழந்தைக்கு ஆபத்து என்றதும் ஒரு பொம்மையை மாற்ற மூலதனத்தால் முடிந்தது. செய்பவளுக்கு ஒரு கதவைத் திறந்து வைக்க முடியவில்லை. முன்னதில் விற்பனை அஞ்சியது. பின்னதில் அஞ்ச வைக்கும் சங்கம் இல்லை.

இங்கோ புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் ஆலை ஆய்வாளரை ‘ஆய்வாளர் மற்றும் ஏதுவாக்குநர்’ ஆக்கியிருக்கின்றன. யாருக்கு ஏது செய்யப் போகிறார் என்பதை ஒவ்வொரு ஆலை வாயிலிலும் தோழர்கள் கேட்க வேண்டும். பூட்டிய கதவு எங்கிருக்கிறதென்று முதலில் அறிபவர் உள்ளே வேலை செய்பவரே. அவருக்குச் சங்கம் வேண்டும்.