வாங்காத கடனுக்குத் தவணை கட்ட மாட்டோம்: சங்கத்தின் நிலைப்பாடு

தோணிரேவில் ஓலை பின்னும் கொட்டகையில் போன வாரம் நடந்த சண்டை உறுப்பினர் அனைவருக்கும் தெரியும். அதைத் திரும்ப எழுதவில்லை. சண்டை இதற்குத்தான்: உறுப்பினர் ஒருவர் பெயரில் அவர் வாங்காத கடன் நிற்கிறது. அவருடைய கடன் குழுவின் அடுத்த லோன் தடைபடாதிருக்க, எல்லாரும் சேர்ந்து தவணையைக் கட்டிவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். நிர்வாகக் குழு மூன்று முறை கூடி எடுத்த முடிவு இது.

வாங்காத கடனுக்கு யாரும் ஒரு ரூபாய்கூடக் கட்டக் கூடாது. கடன் குழுவும் கட்டக் கூடாது. இதுவரை கட்டியவர்களைக் குறை சொல்லும் நோக்கம் சங்கத்துக்கு இல்லை. ஆனால் ஒரு தவணை கட்டினால் போதும், "உன் கடன் இல்லையென்றால் ஏன் கட்டினாய்?" என்று அடுத்த மாதம் அதை வாங்கியவரே கேட்பார். யாருக்குக் கொடுத்தோம் என்று காட்ட வேண்டியவர் கடன் கொடுத்தவர். விண்ணப்பம் எங்கே? பணம் எந்தக் கணக்கில் விழுந்தது? கேட்டால், "சிஸ்டத்தில் உங்கள் பெயர்தான் இருக்கிறது" என்கிறார்கள். சிஸ்டத்துக்கு அந்தப் பெயரைச் சொன்னது யார்?

ஓலை கிழித்தும் இறால் உரித்தும் நம் விரலில் ரேகை தேய்ந்துவிட்டது. கைரேகை மெஷினில் ஒரு தடவை வைத்தால் பதியாது. "இன்னொருக்கா வைம்மா, அழுத்தி வைம்மா" என்று நாலைந்து முறை வைக்கச் சொல்வார்கள். எந்த ரேகை எதற்குப் போனது என்று திரையைத் திருப்பிக் காட்டியவர் ஒருவருமில்லை. ஆதார் ஜெராக்ஸ் எத்தனை பேரிடம் கொடுத்தோம் என்ற கணக்கும் நம்மிடம் இல்லை. அதற்காக, குற்றம் நம்முடையது ஆகிவிடாது.

தஞ்சை மாவட்டம் திருமண்டங்குடியில், சர்க்கரை ஆலையின் பழைய நிர்வாகம் விவசாயிகள் பெயரில் வாங்கிய வங்கிக் கடனை எங்கள் தலையில் கட்டாதே என்று கரும்பு விவசாயிகள் 2022 நவம்பரில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். வருடக்கணக்கில் உட்கார வேண்டியிருந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் நடிகை சன்னி லியோனின் பான் எண்ணில் யாரோ 2,000 ரூபாய் கடன் எடுத்தார்கள். அவர் ட்விட்டரில் எழுதினார், உடனே சரியானது. நமக்கு ட்விட்டர் இல்லை, புகார் சொல்லப் பொன்னேரி பஸ்தான்.

இனி செய்ய வேண்டியது: கடன் கொடுத்த நிறுவனத்துக்கும், கடன் பதிவுகளை வைத்திருக்கும் சிபிலுக்கும் எழுத்தில் மறுப்புக் கொடுக்க வேண்டும். 30 நாளில் தீராவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 2024 ஏப்ரலிலிருந்து நடப்பில் இருக்கிறது. பிறகு ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளர், எண் 14448. சைபர் புகாருக்கு 1930. அடையாளத் திருட்டுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவில் மூன்றாண்டு வரை சிறை உண்டு. "எங்கள் எல்லை இல்லை" என்று காவல் நிலையம் திருப்பி அனுப்பக் கூடாது. கடன் அறிக்கை வருடத்துக்கு ஒருமுறை இலவசம்; செயலாளர் எடுத்துத் தருவார்.

ஆதாரில் கைரேகையைப் பூட்டி வைப்பது பற்றி ஒருமித்த கருத்து எட்டப்படவில்லை. ரேஷன் கடையில் விரல் வைக்க ஒவ்வொரு தடவையும் பூட்டைத் திறக்க வேண்டும். போன் இல்லாத பாட்டிகள் என்ன செய்வார்கள்? இயன்றவர்கள் பூட்டலாம்.

காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் குழுக் கடன் வசூலுக்குத் தொல்லை தரக் கூடாதென்று ரிசர்வ் வங்கியின் 2022 விதி சொல்கிறது. விடியும் முன் வசூலுக்கு வாசலில் வந்து நின்றவருக்கு அந்த விதியை யாரும் படித்துக் காட்டவில்லை போலும்.

விண்ணப்பத்தின் நகல் வரும்வரை அந்த நிறுவனத்தின் தவணைக் கூட்டம் நம் கொட்டகையில் நடக்காது. வேண்டுமானால் வெயிலில் ரோட்டில் நடத்திக்கொள்ளட்டும். (கடைசி வாக்கியத்தை எடுத்துவிடச் சொல்லி இருவர் கேட்டார்கள். மற்றவர்கள் ஒப்பவில்லை.)