எண்ணிக்கைக்குள் அடங்குமா தொலைநோக்கு?

எந்த உயர்கல்வி நிறுவனத்தின் இணையதளத்தைத் திறந்தாலும் 'தொலைநோக்கு', 'குறிக்கோள்' என்ற இரு தலைப்புகளைக் காணலாம். உலகத்தரம், புத்தாக்கம், சமூகப் பொறுப்பு ஆகிய சொற்கள் அவற்றில் தவறாமல் இடம்பெறும். எந்த ஆண்டுக்குள், யாருடைய பொறுப்பில், எந்த அளவுக்கு என்பது மட்டும் பெரும்பாலும் இருக்காது.

இக்குறையைக் களையவே பல்கலைக்கழக மானியக் குழு 2024-இல் நிறுவன வளர்ச்சித் திட்டத்துக்கான வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. 'நாக்' மதிப்பீட்டின் 6-ஆவது அளவுகோலும், செயல்திட்டம் உள்ளதா, அது நடைமுறைக்கு வந்ததா என்று கேட்கிறது. கேட்கிறார்கள் என்பதற்காகக் கோப்பு தயாராகிறது. கோப்பு தயாரானதே சாதனையாகிவிடுகிறது.

திட்டத்துக்கு உயிர் கொடுப்பது எது என்பதை அறியத் திருப்பூருக்கு வெளியே செல்ல வேண்டியதில்லை. நொய்யலைக் காக்க வேண்டும் என்று பேசாதவர் அங்கு எவருமில்லை. ஆயினும் சாயக்கழிவால் ஒரத்துப்பாளையம் அணை நீர் பாசனத்துக்கே பயனற்றுப் போனது. ஆயக்கட்டு விவசாயிகள் தொடுத்த வழக்கில், 2006-இல் சென்னை உயர்நீதிமன்றம் கழிவுநீர் வெளியேற்றம் 'பூஜ்யம்' ஆக வேண்டும் என்று கெடு விதித்தது. 2009-இல் உச்சநீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அப்போதும் நிலைமை மாறாததால், 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூட உத்தரவு வந்தது. எண், கெடு, தவறினால் விளைவு ஆகிய மூன்றும் சேர்ந்த பிறகே சுத்திகரிப்பு நிலையங்கள் முறையாக இயங்கத் தொடங்கின. அதற்குள் வேலையிழந்த தொழிலாளர்கள் கொடுத்த விலை பெரிது.

அதே அனுபவத்துக்கு மறுபக்கமும் உண்டு. வெளியேறும் நீர் அளக்கப்பட்டது. சுத்திகரிப்பில் எஞ்சிய கலப்பு உப்போ நிலையங்களின் கிடங்குகளில் குவிந்தது. எதை அளக்கிறோமோ அது சீராகிறது; அளக்காதது வேறோர் இடத்தில் தேங்குகிறது.

1982-இல் தொடங்கப்பட்ட கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள்தான் திருப்பூர் மாவட்டக் கலை, அறிவியல் கல்லூரிகள் வருகின்றன. நாட்டின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் அனுப்பும் நகரம் இது. ஏற்றுமதியாளர்களே முன்னின்று 1997-இல் தொடங்கிய நிஃப்ட்-டீ பின்னலாடைக் கல்லூரியும் இங்குதான் உள்ளது. இத்தகைய பகுதியில் தொழில்துறைத் தொடர்பை எப்படி அளப்பது? கையெழுத்தான புரிந்துணர்வு ஒப்பந்தங்களின் எண்ணிக்கையைக் காட்டுவதுதான் பொதுவான வழக்கம். அது எளிது, கையெழுத்திட ஒரு பிற்பகல் போதும்.

கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. முதலாமாண்டில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் படிப்பை இடையில் விட்டு பனியன் கம்பெனிக்குச் சென்றார்கள்? வடமாநிலத் தொழிலாளர் குடும்பங்களின் பிள்ளைகளில் எத்தனை பேர் பட்டப்படிப்புக்கு வந்தார்கள்? உலகச் சந்தை செயற்கை இழை ஆடைகளின் பக்கம் சாய்ந்திருக்க, பருத்தியையே பெரிதும் நம்பியிருக்கும் இத்தொழிலுக்கு உதவும் ஆய்வுகளில் எத்தனை ஆலைத்தளம்வரை சென்றன? 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இறக்குமதி வரியை 50 சதவீதமாக்கியபோது மாற்றுச் சந்தை பற்றிய தரவுக்காகப் பல்கலைக்கழகத்தை நாடிய நிறுவனங்கள் எத்தனை? இவற்றுக்கு விடை காண, துறைவாரியாக ஆண்டுதோறும் ஒரே படிவத்தில் கணக்கெடுத்து, இலக்கு தவறிய இடங்களையும் மறைக்காமல் வெளியிட்டால் போதும். செலவு அதிகமில்லை, தயக்கம்தான் அதிகம்.

பொறுப்பேற்க ஆள் வேண்டும் என்பது அடுத்த சிக்கல். 2022 அக்டோபரில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்த பிறகு பாரதியார் பல்கலைக்கழகம் நீண்ட காலம் நிரந்தரத் துணைவேந்தர் இன்றி, குழுவின் பொறுப்பிலேயே இயங்கியது. ஆளுநருக்கும் அரசுக்கும் இடையிலான நியமனச் சிக்கல் நீதிமன்றம்வரை சென்ற கதை யாவரும் அறிந்ததே. அன்றாட நிர்வாகத்தைக் குழு பார்த்துக்கொள்ளலாம். ஐந்தாண்டு இலக்குக்கு யார் கையெழுத்திடுவது, அது தவறினால் ஆட்சிமன்றக் குழு யாரிடம் விளக்கம் கேட்பது?