அம்பாஸடரின் அடியில் சுழலும் தண்டு

பழைய கார்களைப் பேணுகிறவர்கள் கூடினால் இயந்திரத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். அந்த இயந்திரத்தின் விசையைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுசேர்க்கும் தண்டைப் பற்றி ஒரு சொல்லும் வராது. பட்டறைகளில் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் என்று வழங்கப்படும் அந்த இரும்புக் குழாய், சேறும் கிரீஸும் அப்பியபடி, எவரும் குனிந்து பாராத இடத்தில் சுழன்றுகொண்டிருக்கிறது. இந்த அலட்சியம் உயிருக்கு உலைவைக்கக் கூடியது என்பதே என் கட்சி.

அம்பாஸடரையே எடுத்துக்கொள்வோம். மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 1950களின் பிற்பகுதியிலிருந்து 2014 வரை உற்பத்தியான வண்டி. நெடுங்காலம் அதைச் செலுத்தியது 1489 சி.சி. கொள்ளளவுள்ள பழைய பிரிட்டிஷ் இயந்திரம், சாதுவான பிராணி. 1990களின் தொடக்கத்தில் 1.8 லிட்டர் இசுஸு இயந்திரமும் ஐந்து கியர்களும் வந்தன. பழைய வண்டிக்காரர்களுக்கும் ஆசை பிறந்தது. கிடைத்த இயந்திரத்தையும் கியர்பெட்டியையும் பழைய உடலுக்குள் இறக்கினார்கள். கியர்பெட்டியின் நீளம் மாறியதால் தண்டு பொருந்தவில்லை. லேத் பட்டறையில் அறுத்து, ஒட்டி, வெல்டிங் வைத்து மாட்டிவிட்டார்கள். இயந்திரத்துக்குச் செலவழித்த பணத்தில் பத்தில் ஒரு பங்கு கூட இதற்குப் போயிருக்காது.

கணக்கு எளிமையானது. 130 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தரும் இயந்திரத்தை 3.5 விகிதமுள்ள முதல் கியரில் ஓட்டினால் தண்டின் மேல் விழுவது ஏறத்தாழ 455. கிளட்சைத் திடீரென விட்டால் அந்தக் கணத்தில் இன்னும் அதிகம். இதற்கு நம்மவர்கள் காணும் தீர்வு 'கனமான குழாய்'. இது அரைகுறை அறிவு. குழாயின் சுவரை இருமடங்கு தடிப்பாக்கினால் முறுக்கைத் தாங்கும் வலு ஏறக்குறைய இருமடங்காகும், எடையும் இருமடங்காகும். சுவரை அப்படியே விட்டு விட்டத்தை இருமடங்காக்கினால் எடை அதே இருமடங்குதான். வலுவோ நான்கு மடங்கு. தவிர, நீண்ட தண்டு ஒரு குறிப்பிட்ட வேகத்தை எட்டும்போது கயிறாட்டக் கயிறு போல நடுவில் வளைந்து சுழலத் தொடங்கும். அந்த வேக எல்லையை உயர்த்துவது விட்டமே. தடிப்பு அதற்கு உதவாது. நீளம் கூடினால் எல்லை மளமளவென இறங்கும். விட்டத்தைக் கூட்ட வண்டியின் அடியில் இடமில்லையென்றால் தண்டை இரண்டாகப் பிரித்து நடுவில் ஒரு பேரிங் வைத்துத் தாங்குவதே முறை.

தண்டின் இரு முனைகளிலும் இருக்கும் கிராஸ் ஜாயிண்ட்டுக்குக் கண்ணியமான வம்சாவளி உண்டு. பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியரான கார்டானோவின் பெயரும், பதினேழாம் நூற்றாண்டில் வானியல் கருவிகளுக்காக அதை ஆராய்ந்த ராபர்ட் ஹூக்கின் பெயரும் அதற்கு வழங்குகின்றன. அதற்கொரு குணக்கேடும் உண்டு. சாய்ந்த நிலையில் சுழலும்போது ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகம் கூடிக் குறையும். முன்னது செய்யும் பிழையைப் பின்னது சரிசெய்ய வேண்டுமானால் இரண்டின் கவைகளும் ஒரே தளத்திலும், இரண்டின் சாய்வும் சமமாகவும் இருந்தாக வேண்டும். கண்ணளவில் வெல்டிங் வைக்கும்போது முதலில் பலியாவது இதுதான். பிறகு வண்டி அதிரும். அந்த அதிர்வைத் தண்டின் பலவீனம் என்றெண்ணி மேலும் கனமான குழாயைத் தேடிப் போவார்கள்!

அம்பாஸடரின் பின்பாலம் பட்டைவில்களின் மேல் அமர்ந்திருக்கிறது. பலமாக முடுக்கினால் அந்த வில்கள் முறுகி, பாலத்தின் மூக்கு மேலே எழும்பும். பின் ஜாயிண்ட்டின் சாய்வு மாறும். இயந்திரம் எவ்வளவு வலியதோ அவ்வளவு மாற்றம். ஆகவே, தண்டை மட்டும் வலுவாக்குவது பாதி வேலை. மீதியையும் சொல்லிவிடுகிறேன்: தண்டு அறாதபோது அடுத்து அறுவது பின்பாலத்தின் உள்ளே இருக்கும் ஆக்ஸில் ஷாஃப்ட்டாக இருக்கலாம்.

அறுந்தால் என்ன ஆகும்? பின் ஜாயிண்ட் உடைந்தால் தண்டு சுழன்றபடி வண்டியின் அடித்தகட்டையும், பக்கத்தில் செல்லும் பிரேக் குழாயையும் அடித்து நொறுக்கலாம். முன் ஜாயிண்ட் உடைவது அதைவிடக் கொடிது. தண்டின் முன்முனை தரையில் விழுந்து குத்தி நிற்க, ஓடுகிற வண்டி கோலூன்றித் தாண்டுகிறவனைப் போல் எழும்பக்கூடும். மலைப்பாதை இறக்கமானால் கியரில் போட்டு வேகத்தை அடக்கும் வழியும் அந்தக் கணத்தோடு அற்றுப்போகிறது.

இயந்திரத்தை மாற்றினால் பதிவுச் சான்றிதழில் பதிய வேண்டும் என்கிறது சட்டம். தண்டுக்கு அந்தத் தாளில் ஓர் அங்குல இடம் கூடக் கிடையாது. எனவே பொறுப்பு முழுக்க வண்டிக்காரருடையது. புதிய குழாய் வாங்குமுன் முன் ஜாயிண்ட்டுக்குச் சற்றுப் பின்னால், தண்டைச் சுற்றி ஓர் இரும்பு வளையத்தைச் சட்டத்தோடு போல்ட் போட்டுப் பிணைக்கச் சொல்லுங்கள். அறுந்த தண்டு தரையைத் தொடாமல் அது தாங்கும். பட்டை இரும்பும் நான்கு போல்ட்டும்தான் செலவு. அதன்பின் தண்டைப் பாலன்சிங் இயந்திரத்தில் ஏற்றிச் சமன்செய்து தரும் பட்டறையாகத் தேடிச் செல்லுங்கள். குழாயின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் சிறு இரும்புத் துண்டுகளை அழுக்கு என்று நினைத்துத் தட்டி எடுத்துவிடுகிற பட்டறை வேண்டாம்.