கடல் தானே விலகிற்றா?

சென்னைத் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் நிற்கிறது பனிக்கட்டி மனை. மக்கள் வாயில் அஃது இன்றும் 'ஐசு அவுசு'. அதன் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஒளிப்படத்தைக் காட்டிப் பொருள் கூறுவோர் இரு சாரார். "அந்நாளில் கடல் இக்கட்டடத்தின் அருகிலேயே இருந்தது, பின்னர்த் தானே விலகி நமக்கு அழகிய மணற்பரப்பை அளித்தது" என்பார் ஒரு சாரார். "வெள்ளையன் கட்டிய எழிலைக் காண்மின்!" என்பார் மறு சாரார். இருவரும் படத்தைப் பார்த்தனரேயன்றிப் படித்தாரல்லர்.

பிரெடெரிக்கு பீபிக்கு என்பார் 1851-ஐ ஒட்டிச் சென்னையில் எடுத்த படங்களுள் இம்மனையும் உண்டு. அவர் படங்களின் வண்ணம் கருவி தந்ததன்று; கையால் தீட்டியது. வானத்தின் நீலத்தை வியப்போர் தீட்டுகோலையே வியக்கின்றனர். நம்பத்தக்கவை கட்டடமும் அது நிற்கும் இடமுமே.

கடலோரத்தில் அத்துணைப் பெரிய மனை எதற்கு? அமெரிக்க வாணிகன் தியூடர், மாசச்சூசெட்சுக் குளங்களில் உறைந்த பனியை அறுத்து, மரத்தூளிற் பொதிந்து, கடல் கடந்து விற்றான். அப்பனிக்கட்டியைச் சேர்த்துவைக்க 1842-இல் எழுந்தது இம்மனை. அன்று சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் தொலைவில் நின்றுவிடும். ஆணியின்றிக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் அலையைப் பிளந்து சரக்கைக் கரைசேர்த்தவர் இம்மண்ணின் படகோட்டிகள். பனிக்கட்டி மிதந்ததோ வெள்ளையர் குடித்த குவளையில்! எழிலை வியப்போர் அந்தத் தோள்களையும் சேர்த்து வியக்கட்டும். இங்கேயே பனிக்கட்டி செய்யும் பொறி வந்தபின் அவ்வாணிகம் வீழ்ந்தது. 1897-இல் விவேகானந்தர் ஒன்பது நாள் தங்கியதை முன்னிட்டு 1963-இல் மனைக்கு அவர் பெயர் சூட்டப்பெற்றது. படகோட்டிகளுக்கு ஒரு கல்வெட்டும் இல்லை.

இனிக் கடலுக்கு வருவோம். இக்கரையோரம் ஆண்டின் பெரும்பகுதியும் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே ஏந்திச் செல்கின்றன. 1875-இல் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினர். அதன் கல்லணைகள் கடலுக்குள் நீண்டன. 1881-இல் புயல் சிதைத்தும் மீண்டும் எழுந்தன. வடக்கே செல்லும் மணல் அவ்வணைகளில் தடைப்பட்டுத் தெற்கே தேங்கிற்று. மணற்பரப்பு அகன்றதன் கரணியம் இதுவே. 1884-இல் ஆளுநர் கிராண்டு டப்பு அங்கே உலாவுசாலை அமைத்து, 'மெரினா' என்று இத்தாலியப் பெயரிட்டார். கடற்கரை என்னும் சொல்லை அவர் அறியாததில் வியப்பில்லை. தமிழரே மறந்ததுதான் வியப்பு!

தெற்கே தேங்கிய மணல் வடக்கே போய்ச் சேரவில்லை. சேராத இடத்தில் கடல் நிலத்தைத் தின்றது. இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என நெடுகிலும் கரை அரிக்கப்பட்டது. மீனவர் குப்பங்களில் குடியிருந்த வீடும் போயிற்று. வலையுலர்த்திய மணலும் போயிற்று. எஞ்சியதைக் காக்கக் கருங்கல்லைக் கொட்டினர். படகை ஏற்றி நிறுத்த மணல் வேண்டும். கற்குவியலில் எவன் ஏற்றுவான்?

கடல் 'தானே' விலகவில்லை; விலக்கப்பட்டது. இயற்கையின் கொடை என்று ஏட்டில் எழுதுவோர், கொடுத்தது இயற்கையன்று, வடசென்னை மீனவன் என்று திருத்தி எழுதுக. அவனும் மனமுவந்து கொடுத்தானல்லன், கேளாமலே பறிக்கப்பட்டது.

பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே அச்சிட்டு, மணலின் அகலத்தைக் காட்டி மகிழ்வோர்க்கு ஒரு வேலை உண்டு. திருவொற்றியூர்க் கரைக்கும் அவ்வாறே இரண்டு படங்களைத் தேடி எடுத்து, அதே தாளில், அதே அளவில் அச்சிடட்டும்.