"ஓடுதில்ல... அப்புறம் என்ன?"



"ரீகண்டிஷன் சாமானா? வேணாம்டா... காசுக்குப் பிடிச்ச கேடு!" என்று நம்மில் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அறை நண்பர்கள் நால்வரும் காசு போட்டு, ரீகண்டிஷன் செய்த காபி மேக்கர் ஒன்று வாங்கினோம். புதுசின் விலையில் பாதிகூட இல்லை. பளபளவென்று இருந்தது. ஜெர்மனியில் 1954-ல் பேடன்ட் பெற்ற 'விகோமாட்' வழியில் வந்த டிரிப் வகை மெஷின். உள்ளே பம்பு கிடையாது. தொட்டித் தண்ணீர் ஒருவழி வால்வு வழியாக அலுமினியக் குழாயில் இறங்கும். ஹீட்டர் சூட்டில் கொதித்ததும், நீராவிக் குமிழிகளே தண்ணீரை மேலே தள்ளி, காபித்தூள் மேல் சொட்ட வைக்கும். டிகாக்ஷன் நம்ம வீட்டு ஃபில்டர் மாதிரி திக்காக இறங்காது. ஆனாலும் விடியற்காலையில் அதுவே தேவாமிர்தம்!

இரண்டே மாதம். எங்க ஏரியா உப்புத் தண்ணீரில் குழாய் அடைத்துக்கொண்டது. சுத்தம் பண்ணலாமென்று அடிப்பாகத்தைக் கழற்றினால்... பகீரென்றது! தெர்மல் ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு துண்டு செப்புக் கம்பி!

தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு, சூடு எல்லை மீறினால், கரண்ட்டை நிரந்தரமாகத் துண்டிக்கும் கடைசிக் காவலாளி அந்த ஃபியூஸ்தான். 800 வாட் ஹீட்டர். 230 வோல்ட்டில் சுமார் 3.5 ஆம்பியர். குழாய் அடைத்துத் தண்ணீர் வராத நேரத்தில் தெர்மோஸ்டாட்டும் கைவிட்டிருந்தால்? பக்கத்திலேயே பாயில் தூங்கிய எங்கள் நால்வரின் கதி?

கடைக்காரரிடம் கேட்டேன். "ஓடுதில்ல தம்பி... அப்புறம் என்ன?" என்றார்.

சில ரூபாய் விலையுள்ள ஃபியூஸை வாங்கி நானே மாற்றினேன். ஈயம் வைக்காமல் கிரிம்ப் செய்தேன். ஹீட்டர் சூட்டில் ஈயம் இளகிவிடும் அல்லவா? சிட்ரிக் ஆசிட் கரைசலை ஓடவிட்டு அடைப்பை நீக்கி, லேபில் மெக்கர் வைத்து இன்சுலேஷனையும் பார்த்த பிறகே பிளக்கைச் செருகினேன். இன்றும் எங்களுக்குக் காபி தருவது அதே மெஷின்தான்.

ஆக, குற்றம் பழைய சாமானிடம் இல்லை. பாலிஷ் போடுவதையே ரீகண்டிஷன் என்று விற்கும் மனதிடம் இருக்கிறது. வாங்கும்போது, "எது பழுதாச்சு? எதை மாத்தினீங்க?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் நடையைக் கட்டுங்கள்!

நாளை நம்மில் எத்தனையோ பேர் சர்வீஸ் சென்டரில் ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கப் போகிறோம். மாற்றிய பாகத்தை ஒரு சீட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுப்போம். "ஓடுதில்ல?" என்று கேட்பவனாக நாம் இருக்க வேண்டாம். நாம் போடும் கம்பிக்குப் பக்கத்தில் யாரோ நால்வர் தூங்குகிறார்கள்!