யானைக்கும் அடி சறுக்கும்!

குடியை விட்ட ஒருவர் மறுபடியும் குடித்துவிட்டார் என்று கேள்விப்பட்டால் நாம் என்ன சொல்கிறோம்? "நாய் வாலை நிமிர்த்த முடியுமா?" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புக் கூறிவிடுகிறோம். நாய் வாலைப் பற்றிய பழமொழி மட்டும் சட்டென்று நினைவுக்கு வருகிறது. "யானைக்கும் அடி சறுக்கும்" என்பது ஏனோ வருவதில்லை. அதுவும் நம் பாட்டி சொன்ன பழமொழிதானே?

ஜவ்வாது மலையையே எடுத்துக்கொள்ளுங்கள். சாமையும் தேனும் புளியும் பலாவும் விளைகிற அருமையான மலை. ஆனால் பத்திரிகையில் அதன் பெயர் அடிபடுவதெல்லாம் பெரும்பாலும் போலீஸார் சாராய ஊறலைக் கண்டுபிடித்துக் கொட்டி அழித்த செய்தியில்தான். மலைவாசிகளைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஊறல் போடுவது மேலே என்றால், வாங்கிக் குடிக்கிறவர்கள் கீழேயும் இருக்கிறார்கள். டாஸ்மாக் கடைக்கு மலை ஏற வேண்டிய அவசியமும் இல்லை.

அந்த மலையில், ஜமுனாமரத்தூர் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், ஒரு விவசாயி இருப்பதாக வைத்துக்கொள்வோம். கீழே இறங்கி வைத்தியம் பார்த்துக்கொண்டு வந்தார். நூறு நாள் தொடவில்லை. கடன் கொஞ்சம் அடைந்தது. பிள்ளைகள் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நூற்றோராவது நாள் சொந்தக்காரர் வீட்டுச் சாவு. "இன்றைக்கு மட்டும்" என்றார் ஒருவர். ஒரு தம்ளர் உள்ளே போயிற்று.

இப்போது சொல்லுங்கள்: அந்த நூறு நாள் எங்கே போயிற்று?

எங்கேயும் போகவில்லை. ஆனால் போய்விட்டது என்று அவர் நினைக்கிறார். "கெட்டது கெட்டாயிற்று, இனி ஒரு தம்ளர் என்ன, ஒன்பது தம்ளர் என்ன?" என்று மனம் சொல்கிறது. வீட்டிலும் அதையே சொல்கிறார்கள். அந்த வெட்கத்தை மறக்க இன்னொரு தம்ளர்! மனோதத்துவ நிபுணர் ஆலன் மார்லட் இதைத்தான் ஆராய்ந்தார். சறுக்குவது வேறு, விழுந்து கிடப்பது வேறு என்று பிரித்துக் காட்டி, 1985-ல் ஜூடித் கார்டன் என்ற அம்மையாருடன் ஒரு புத்தகமே வெளியிட்டார். முதல் தம்ளரைக் காட்டிலும், "எல்லாம் போயிற்று" என்ற எண்ணமே மனிதனைப் பள்ளத்தில் தள்ளுகிறது என்பது அவர் கண்டது.

நம்ப முடியவில்லையா? ஓர் உண்மைச் சம்பவம் கேளுங்கள்.

அமெரிக்காவில் ஆக்ரன் நகரில் பாப் ஸ்மித் என்று ஒரு ரண சிகிச்சை டாக்டர் இருந்தார். பெருங்குடிகாரர். 1935-ஆம் ஆண்டு மே மாதம், குடியிலிருந்து மீண்ட பில் வில்சன் என்பவரைச் சந்தித்தார். பேசினார்கள், பேசினார்கள், மணிக்கணக்காகப் பேசினார்கள். டாக்டர் குடியை நிறுத்தினார். சில வாரங்களுக்குள் ஒரு மருத்துவ மாநாட்டுக்காக ரயில் ஏறியவர், போகும்போதே குடிக்கத் தொடங்கி, நிலை தெரியாமல் வீடு திரும்பினார். மனைவியும் வில்சனும் அவரைத் துரத்தவில்லை, தெளிய வைத்தார்கள். ஜூன் 10-ந் தேதி கடைசியாகக் குடித்தார். அதற்குப் பிறகு 1950-ல் கண்ணை மூடும் வரை தொடவே இல்லை. உலகம் முழுதும் பரவியிருக்கும் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' இயக்கம் அந்த ஜூன் 10-ஐத்தான் தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது. சறுக்கி விழுந்தவர் எழுந்த நாள் அது!

நம் ஊரிலும் இந்த ஞானம் இல்லாமல் இல்லை. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980-ல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் பெயரில் குடிநோய் சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார். பட்டணத்துக்கு வர முடியாதவர்களுக்காகத் தஞ்சைப் பக்கத்து மஞ்சக்குடி கிராமத்திலேயே முகாம் போட்டார்கள். குடித்தவருக்கு மட்டுமல்ல, மனைவிக்கும் சேர்த்து அங்கே ஆலோசனை. குடி ஒருவரைப் பிடிக்கும் நோய். அவதிப்படுவதோ குடும்பம் முழுவதும் அல்லவா?

நோய் என்று சொன்னேன். வேண்டுமென்றே சொன்னேன். இரத்தக் கொதிப்புக்காரர் ஒரு வாரம் மாத்திரையை மறந்து மறுபடி கொதிப்பு ஏறினால், "இனி உனக்கு வைத்தியமே கிடையாது" என்று எந்த டாக்டராவது சொல்வாரா? சிகிச்சைக்குப் பின் ஓராண்டுக்குள் நூற்றுக்கு 40 முதல் 60 பேர் வரை மறுபடி போதையைத் தொடுகிறார்கள் என்றும், இரத்தக் கொதிப்பு, ஆஸ்துமா போன்ற நீடித்த நோய்களிலும் நிலைமை இதுதான் என்றும் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் 2000-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளிவந்தது. சறுக்கினால் வைத்தியத்தை மாற்றிப் பார்க்க வேண்டும். மனிதனைக் கைவிடக் கூடாது.

சரி, சறுக்கிவிட்டது. என்ன செய்வது?

முதலில், தெளிகிற வரை பேச்சு வேண்டாம். போதையில் இருப்பவரிடம் நியாயம் கேட்பதும் கருங்கல்லிடம் கேட்பதும் ஒன்றுதான். மறுநாள் காலையில், "எதற்காகக் குடித்தாய்?" என்று அதட்டாமல், "எந்த நேரத்தில் ஆசை வந்தது? பக்கத்தில் யார் இருந்தார்கள்?" என்று கேளுங்கள். பசி, கோபம், தனிமை, களைப்பு - இந்த நான்கில் ஒன்று பெரும்பாலும் வெளிப்படும். கூலி வாங்கிய நாள், சந்தை நாள், திருவிழா, சாவு வீடு இவையெல்லாம் அபாயமான நாட்கள். அடுத்த முறை அன்றைக்குத் துணையாக ஒருவர் கூடவே போகட்டும். பணம் வீட்டு அம்மாள் கையில் இருக்கட்டும்.

இரண்டாவது, குடி ஆசை அலை மாதிரி. எழும்பும், உச்சிக்கு வரும், தணியும். பெரும்பாலும் அரை மணிக்குள் தணிந்துவிடும். அந்த அரை மணியை ஓட்டுவதற்கு ஒரு வாய் சோறு, ஒரு சொம்புத் தண்ணீர், பேச ஒரு சிநேகிதர் போதும்.

மூன்றாவது, மிக முக்கியம். தினமும் நிறையக் குடித்தவர் மறுபடி தொடர்ந்து குடித்துவிட்டுத் திடீரென்று நிறுத்தினால், கை நடுக்கம், வலிப்பு, இல்லாததைக் காண்பது எல்லாம் வரலாம். உயிருக்கே ஆபத்து. இதற்கு ஆஸ்பத்திரிதான் இடம். வீட்டில் கட்டிப் போடுவது வைத்தியம் அல்ல. குழம்பில் தெரியாமல் மாத்திரை கலப்பதும் வேண்டாம். அதற்கு மேல் அவர் குடித்தால் உயிரே போகக் கூடும்.

கள்ளச்சாராயமானால் இன்னொரு பயமும் உண்டு. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு அறுபதுக்கு மேற்பட்டவர்கள் பலியானார்கள். அவர்களிலும் "இன்றைக்கு மட்டும்" என்று குடித்தவர்கள் இருந்திருப்பார்கள். கண் மங்கினாலோ, வயிற்றைப் பிசைந்து வாந்தி எடுத்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மலைப்பாதை நீளமானது. உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. பொறுமை வேறு, அடி வாங்குவது வேறு. குடித்தவருக்கு இரக்கம் காட்டுங்கள். அவர் கை ஓங்கினால் குழந்தைகளோடு பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். 181 என்ற எண் பெண்களுக்காகவே இருக்கிறது. குடியை நிறுத்த வழி கேட்பவர்களுக்கு 14446 என்ற இலவச எண் உண்டு. திருவண்ணாமலை, வேலூர் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் மனநல டாக்டர்களைப் பார்க்கலாம். காசு கேட்க மாட்டார்கள்.

ஆனால் அங்கே போகிறவர்கள் எத்தனை பேர்? குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதோ ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார் என்று மத்திய அரசு 2019-ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. மீதி 37 பேரும் நம் தெருவிலும் நம் உறவிலும்தான் இருக்கிறார்கள்.

அதே ஜவ்வாது மலையில்தான் காவலூர் வானாராய்ச்சி நிலையமும் இருக்கிறது. மழைக் காலத்தில் பல இரவுகள் வானம் மூடிக்கொள்ளும். தொலைநோக்கியால் ஒன்றும் பார்க்க முடியாது. அதற்காக நட்சத்திரம் இல்லையென்று யாராவது நிலையத்தைப் பூட்டிவிட்டுப் போனார்களா? மேகம் கலைந்த இரவில் மறுபடி கூரையைத் திறக்கிறார்கள்.

நம் விவசாயிக்கும் நாம் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "நூறு நாள் உன்னால் முடிந்தது அப்பா. நாளைக் காலையிலிருந்து மறுபடி எண்ணலாம், வா. நானும் கூட இருக்கிறேன்."