மலிவுக் கார்பனும் மலைச்சைக்கிளும்

மலைச்சைக்கிள் பித்துப் பிடித்தவர்களிடையே சில ஆண்டுகளாக ஓர் ஆசை பரவியிருக்கிறது. சீனத்தின் ஷியாமென், ஷென்ஜென் போன்ற நகரங்களின் தொழிற்சாலைகளிலிருந்து பெயரில்லாத கார்பன் சட்டகமொன்றை நேரடியாக வரவழைத்து, சக்கரம், ஃபோர்க், பிரேக், கியர் ஆகியவற்றை விலை இறங்கும் நாட்களில் ஒவ்வொன்றாகச் சேர்த்து, பெரிய நிறுவனங்கள் கேட்கும் தொகையில் ஒரு பங்கைக் கொண்டே வண்டியைத் தாமே கோத்துக்கொள்வதுதான் அது. கோத்து முடித்தவர்கள் அதைப் பற்றிப் பேசும்போது காவியமொன்றை அரங்கேற்றிய பெருமிதம் தெரிகிறது. பெருமிதத்தில் பிழையில்லை. ஆனால் எதைக் குறித்துப் பெருமிதம் என்பதில் நமக்குக் கருத்து வேறுபாடு உண்டு. அவர்கள் சட்டகத்தின் கறுப்புப் பளபளப்பைக் காட்டுகிறார்கள். நாம் மெச்சுவது அவர்கள் விரலிடுக்கில் ஏறியிருக்கும் கிரீஸை.

இந்த விளையாட்டு பிறந்ததே ஏழை வண்டிகளில்தான். 1976 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் மரின் மாவட்டத்தில், ஃபேர்ஃபாக்ஸ் ஊரையொட்டிய மலைப்பாதையில் சில இளைஞர்கள் இறக்கப் போட்டி ஒன்றைத் தொடங்கினார்கள். அவர்கள் ஓட்டியவை யாரோ கழித்துப்போட்ட பழைய ஷ்வின் வண்டிகள். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக் பின்சக்கரத்தின் ஹப்புக்குள் இருந்தது. ஒரே இறக்கத்தில் அது கொதித்து, உள்ளிருந்த கிரீஸ் புகையாகப் போய்விடும். மறுமுறை இறங்குவதற்குமுன் ஹப்பைப் பிரித்துப் புதிய கிரீஸ் அடைத்தாக வேண்டும். அதனாலேயே அந்தப் பாதைக்கு 'ரீபேக்' என்று பெயர் வந்தது. ஒரு விளையாட்டின் முதல் களத்துக்குப் பராமரிப்பு வேலையின் பெயர் வாய்த்தது நமக்கு மிகவும் உவப்பான செய்தி. 1977இல் ஜோ பிரீஸ் இதற்கென்றே சட்டகம் செய்தார். 1981இல் ஸ்டம்ப்ஜம்பர் கடைக்கு வந்தது. அதன்பின் வந்ததெல்லாம் வணிகம்.

கார்பன் என்று நாம் சுருக்கிச் சொல்வது இரண்டு பொருள்களின் கூட்டு. முடியைவிட மெல்லிய கரியிழை ஒன்று, அதைப் பிணைக்கும் பிசின் மற்றொன்று. தைவானின் ஜயன்ட் நிறுவனம் 1987இல் காடெக்ஸ் என்ற பெயரில் கார்பன் சைக்கிளைப் பெருமளவில் செய்யத் தொடங்கியபோது, குழாய்களை உலோக மூட்டுகளில் ஒட்டித்தான் சட்டகம் ஆயிற்று. இன்று பிசினில் தோய்ந்த துணித் துண்டுகளைப் பல திசைகளில் கையால் அடுக்கி, உள்ளே காற்றுப்பையை ஊதி, எஃகு அச்சுக்குள் வேகவைத்து எடுக்கிறார்கள். இயந்திரயுகத்தின் உச்சமாகக் காட்டப்படும் பொருள் பெரும்பாலும் தொழிலாளிகளின் விரல்களால் ஆவது என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை.

பெயரில்லாத சட்டகத்தை விற்பவர்கள் தவறாமல் சொல்வது ஒன்றுண்டு: ஜப்பானின் டோரே நிறுவனத்து டி700 இழை. அது நல்ல இழை என்பதில் ஐயமில்லை. ஆனால் இழையின் பெயர் சட்டகத்தின் தரத்தைச் சொல்லிவிடாது. நல்ல அரிசி வாங்கியதாலேயே சோறு பதமாக வெந்துவிடுமா? எந்தத் திசையில் எத்தனை அடுக்கு, மூலைகளில் துணி மடிந்ததா, பிசினுக்குள் காற்றுக்குமிழி தங்கியதா, இறுதியில் யார் சோதித்தார்கள் என்பவையே அதைத் தீர்மானிக்கின்றன. ஒரே அச்சில் வார்த்த இரண்டு சட்டகங்கள் வெளித்தோற்றத்தில் இரட்டையராகவும் உள்ளே அந்நியராகவும் இருக்கக்கூடும். பெரிய நிறுவனத்திடம் கொடுக்கும் கூடுதல் பணத்தில் பெரும்பகுதி விளம்பரத்துக்கும் பந்தய வீரர்களுக்கும் போகிறது என்பது உண்மைதான். எஞ்சிய பகுதி, தேறாததைக் கழித்துப்போடும் ஒழுங்குக்கும், உடைந்தால் பதில் சொல்ல ஓர் ஆள் இருப்பதற்கும் போகிறது. பெயரில்லாதவன் அந்தப் பகுதியையும் சேர்த்தே விலையில் கழித்துவிட்டான் என்பதை வாங்குபவர் அறிந்திருக்க வேண்டும். ஐ.எஸ்.ஓ. 4210 தரச் சோதனையில் தேறிய அறிக்கை உண்டா என்று கேளுங்கள். அறிக்கையை அனுப்புகிறவர்களும் உண்டு. பூக்களும் சிரித்த முகங்களும் நிறைந்த மறுமொழியை அனுப்புகிறவர்களும் உண்டு.

சட்டகம் விரிசலோடு வந்து சேர்ந்தால் என்ன செய்வது? திருப்பி அனுப்பலாம் என்பார்கள். பெட்டியின் நீளத்துக்கு விமானக் கூலி கேட்டுப் பாருங்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற பழமொழி இந்த வணிகத்துக்காகவே பிறந்ததோ என்று தோன்றும்.

இனி, எதற்காக இந்த ஆசை என்பதையும் கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். பின்பக்கத்தில் அதிர்வுதாங்கி இல்லாத, 29 அங்குலச் சக்கரத்துக்கான மலிவுக் கார்பன் சட்டகம் ஏறக்குறைய 1.2 கிலோ இருக்கும். அதே வகையில் நல்ல அலுமினியச் சட்டகம் 1.8 கிலோ. மிச்சமாவது 600 கிராம். ஓட்டுபவரும் வண்டியுமாக 85 கிலோ என்று வைத்துக்கொண்டால், நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. ஒரு மணி நேரம் இடைவிடாமல் மலையேறுபவருக்கு அது ஏறக்குறைய 25 விநாடியைத் தரும். பந்தயத்தில் முதலிடத்துக்கும் நான்காமிடத்துக்கும் உள்ள தூரம் அதுவாக இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை காட்டுக்குப் போய் வருகிறவருக்கு, வழியில் நின்று ஒரு வாய் தண்ணீர் குடிக்கும் நேரம். அந்தத் தண்ணீர்ப் போத்தலே 600 கிராமுக்கு மேல் கனக்கும்.

ஆகவே, மலிவாக வண்டி கோக்கிறவர் முதலில் செலவிட வேண்டிய இடம் சட்டகம் அன்று என்பது நம் உறுதியான கருத்து. டயர்தான் முதலில். மண்ணைத் தொடுவது அது ஒன்றுதான். ட்யூபை நீக்கிவிட்டு, துளையைத் தானே அடைக்கும் ரப்பர்ப்பாலை ஊற்றி, காற்றழுத்தத்தை 20 முதல் 25 பி.எஸ்.ஐ.க்குள் வைத்தால் வண்டியின் குணமே மாறிவிடுகிறது. எந்தச் சட்டகமும் இவ்வளவு மலிவில் அந்த மாற்றத்தைத் தராது. அடுத்தது பிரேக். பிறகு முன்ஃபோர்க். கியருக்கு ஷிமானோவின் டியோரே வரிசை தாராளமாகப் போதும். 2020இல் அது 12 பல்சக்கரங்களோடு வந்தபோது, மேல்வரிசைகளின் விலைக்கு எடை ஒன்றைத் தவிர வேறு நியாயம் மிஞ்சவில்லை. இவ்வளவையும் வாங்கிவிட்டுக் காசு மீந்தால் கார்பனைப் பற்றி யோசிக்கலாம். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கும் கதையைத்தான் நாம் மிகுதியும் காண்கிறோம்: கறுத்துப் பளபளக்கும் சட்டகம், அதில் நனைந்த பாறையில் வழுக்கும் டயர்.

ஒன்றில் மட்டும் நமக்கு விட்டுக்கொடுத்தல் கிடையாது. பெயரில்லாத கார்பன் ஹாண்டில்பாரை எவரும் வாங்கலாகாது. அலுமினியத்தில் செய்ததைவிட அது 100 கிராம் குறைவாக இருக்கும், அவ்வளவே. சட்டகம் பலவேளைகளில் முனகிவிட்டு, நெகிழ்ந்துவிட்டு உடையும். ஹாண்டில்பார் உடைந்தால் ஓட்டுபவர் அந்தக் கணமே பாறைமீது முகம் பதித்துவிடுவார். நூறு கிராமுக்காகப் பல்லைப் பணயம் வைப்பது சிக்கனம் ஆகாது.

கோக்க அமர்பவரை உண்மையில் அலைக்கழிப்பது பணமுமன்று, கார்பனுமன்று, அளவுகள். பின்சக்கர அச்சு ஒருகாலத்தில் 135 மில்லிமீட்டர். பிறகு 142. பிறகு 2014இல் 148. அதற்கும் மேல் 157 என்றொன்று. சக்கரமோ 26 அங்குலத்திலிருந்து 27.5க்கும் 29க்கும் போயிற்று. நல்ல 26 அங்குலச் சக்கரம் வைத்திருந்தவர்கள் அநாதைகள் ஆனார்கள். இருக்கைத் தண்டுக்கு 27.2, 30.9, 31.6 என்று வகைகள். இவை ஒவ்வொன்றுக்கும் பொறியியல் காரணம் உண்டு, அதை நாம் மறுக்கவில்லை. ஆறு மில்லிமீட்டர் அகலமாக்கினால் சக்கரக் கம்பிகள் நன்றாக விரிந்து நிற்கும், சக்கரம் உறுதிப்படும். ஆனால் அந்த ஆறு மில்லிமீட்டர், பழைய சக்கரத்தைப் புதிய சட்டகத்தில் ஏற்றவிடாமல் செய்து புதிய சக்கரத்தையும் விற்றுத் தருகிறது. எந்தக் காரணம் முதலில் பிறந்தது என்பதை வாசகர்களே ஊகிக்கலாம்.

இந்தக் குழப்பத்துக்குள் ஒரு நல்ல செயலும் நடந்தது. பின்கியரைத் தாங்கும் சிறு உலோகத்துண்டு ஒவ்வொரு சட்டகத்துக்கும் ஒவ்வொரு வடிவில் இருந்தது. அது வளைந்துபோனால் அதே துண்டைத் தேடி மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். 2019இல் ஸ்ராம் நிறுவனம் எல்லாச் சட்டகங்களுக்கும் பொதுவான ஒரு வடிவத்தை அறிவித்து, எவரும் அதைப் பயன்படுத்தலாம் என்றது. ஊரே வாழ்த்தியது. 2023இல் அதே நிறுவனம், அந்தப் பொதுவடிவம் உள்ள சட்டகத்தில் மட்டுமே பொருந்தும் விலையுயர்ந்த புதிய கியரைக் கொண்டுவந்தது. தானத்துக்குப் பின்னால் ஒரு தரகு இருந்ததாகச் சிலர் முணுமுணுத்தார்கள். ஆயினும் அந்தச் சிறு துண்டு இன்று எளிதில் கிடைக்கிறது. மலிவாய்க் கோப்பவர் அப்பொதுவடிவம் உள்ள சட்டகத்தையே தேர வேண்டும். அதுபோலவே பெடல் அச்சு நுழையும் இடத்தில் மரை போட்ட பி.எஸ்.ஏ. வகை இருந்தால் அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். பர்மிங்காமின் பழைய துப்பாக்கிக் கம்பெனியின் பெயர் தாங்கிய அந்த மரை இன்றும் உலகெங்கும் கிடைக்கிறது. பேரிங்கை அழுத்திச் செருகும் வகைக்குச் சட்டகத்தின் துளை மிகத் துல்லியமாக இருக்க வேண்டும், மலிவுச் சட்டகத்தில் தேடக்கூடாதது அந்தத் துல்லியம். ஒவ்வொரு மிதிக்கும் அது போடும் கிரீச்சொலியை ஒருமுறை கேட்டவர் பிறகு மரையைப் பழிக்கமாட்டார்.

ராபர்ட் பிர்சிக் 1974இல் எழுதிய மோட்டார்சைக்கிள் நூலை இலக்கிய வாசகர்கள் பலர் அறிவார்கள். நண்பரின் விலையுயர்ந்த பி.எம்.டபிள்யூ. வண்டியில் ஹாண்டில்பார் தளர்ந்திருக்கும். பியர் டின்னின் தகட்டைக் கத்தரித்து இடையில் செருகினால் சரியாகிவிடும் என்று கதைசொல்லி யோசனை சொல்ல, நண்பருக்கு மனம் புண்படும். நாம் எப்போதும் கதைசொல்லியின் பக்கம். ஆனால் கார்பனிடம் அந்தப் பக்குவம் செல்லாது என்பதையும் சொல்ல வேண்டும். இரும்பை இறுக்கும்போது கைக்கு ஒரு விடை கிடைக்கும்; போதும் என்று அதுவே சொல்லும். கார்பன் எதுவும் சொல்லாமல் உள்ளே நொறுங்கும். ஐந்து நியூட்டன் மீட்டர் என்று எழுதியிருந்தால் ஐந்துதான். அதற்கென்று முறுக்குவிசை காட்டும் ஸ்பானர் வேண்டும். ஒரு நல்ல டயரின் விலைக்குள் அது கிடைத்துவிடும். இருக்கைத் தண்டில் கிரீஸுக்குப் பதில் மணல்போல் நறநறக்கும் பசையைத் தடவினால் குறைந்த இறுக்கத்திலேயே வழுக்காமல் நிற்கும். அலுமினியத் தண்டைக் கார்பன் சட்டகத்தில் பசையின்றிச் செருகி ஆண்டுக்கணக்கில் மறந்துவிட்டால், ஈரத்தில் அலுமினியம் அரித்து, இரண்டும் பிரிக்க முடியாதபடி ஒன்றாகிவிடும்.

மற்றப் பராமரிப்பு எந்த வண்டிக்கும் உள்ளதே. செயின் நீண்டதா என்று அளவுக்கோலிட்டுப் பார்த்து, அரை சதவீதத்தைத் தொட்டதும் மாற்றிவிட்டால் பல்சக்கரம் பிழைக்கும். பிரேக்குக்கு மினரல் ஆயில் என்றிருந்தால் டாட் திரவத்தை ஊற்றலாகாது. ரப்பர் வளையங்கள் வீங்கிப் பாழாகும். ரிம் கோட்டம் எடுப்பதற்கு நம்மூர் சைக்கிள்கடைக்காரரின் அதே கண்ணும் அதே பொறுமையும்தான் இங்கும் வேண்டும்.

கார்பனுக்கென்று உரியது ஒன்றே: துடைப்பது. அழுக்குக்காக அன்று, பார்ப்பதற்காக. கீழ்க்குழாயின் அடிப்பக்கம், முன்சக்கரம் கல்லை வீசும் இடம். சங்கிலி நெரிந்து உராயும் பின்கிளை. பெடல் அச்சைச் சுற்றிய பகுதி. இவற்றை விரலால் தடவி, நாணயத்தால் தட்டிக் கேட்க வேண்டும். கலீரென்ற ஒலி ஓரிடத்தில் மட்டும் மங்கினால் அடுக்குகள் பிரிந்திருக்கக்கூடும். வண்ணப்பூச்சில் மட்டும் விழுந்த கீறலுக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஐயம் தீரவில்லையென்றால் கார்பன் செப்பனிடுபவரிடம் காட்டலாம். இங்கே கார்பனுக்குச் சார்பாக ஒரு சொல்லைச் சொல்லியாக வேண்டும்: சூட்டில் பதப்படுத்திய அலுமினியத்தில் விரிசல் விட்டால் பற்றவைப்பது பலவீனத்தில் முடியும்; கார்பனிலோ, பழுதைச் சரிவாகத் தேய்த்தெடுத்து, புதிய துணியை அடுக்கிப் பிசினிட்டு ஆற்றினால் நல்ல கைகளில் சட்டகம் மீண்டும் உழைக்கும். மலிவுச் சட்டகத்துக்கு அந்தக் கூலி கட்டுமா என்பது வேறு.

கட்டாது என்று முடிவானால் அதைப் பழையது என்று சொல்லி இன்னொருவர் தலையில் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். விரிசலின்மேல் ஒரு ஒட்டுப்படம் போதும், படத்தில் தெரியாது. கடன் வாங்கி முதல் மலைச்சைக்கிள் வாங்க வரும் கல்லூரி மாணவன்தான் அதற்கு அகப்படுகிறவன். பழுதான சட்டகத்தை வாசலில் அப்படியே வைத்துவிடுவதும் கூடாது. எவராவது எடுத்துக் கோத்துவிடுவார்கள். உருக்கி மறுபடி வார்க்கவும் அந்தப் பிசின் இடம் தராது. நடுவில் அறுத்து இரண்டு துண்டாக்கிய பின்பே குப்பைக்கு அனுப்புங்கள். அறுக்கும்போது மூக்கையும் வாயையும் முகமூடியால் மூடிக்கொள்ளுங்கள், வெட்டுமிடத்தைத் தண்ணீர்விட்டு நனைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கரித்தூள் நுரையீரலுக்கு ஆகாது.